பாதி காலியாக இருக்க வேண்டிய தொட்டி

விம்கோ நகரில் நாங்கள் குடியிருக்கும் மாடிவீட்டின் சொந்தக்காரி கீழ்வீட்டில் இருக்கிறார். கருவாட்டு வியாபாரம். காலையில் வீட்டு வேலை, மதியத்துக்கு மேல் மார்க்கெட்டில் கடை. அவருடைய கணவர் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். கரையில் இருக்கும் நேரமெல்லாம் தூங்குவார். வீட்டை ஆள்வது நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிற அவர்தான். மாடியில் கண்ணாடித் தொட்டி வைத்துக் கடல்மீன் வளர்க்கலாமா என்று நான் அனுமதி கேட்கப் போனபோது, அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மீனு எதுக்கு? கொழம்பு வெக்கவா?"

பார்க்கத்தான் அக்கா என்றேன். பார்ப்பதற்காக ஒருத்தி மீன் வாங்குவாளா என்று அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். மீனைக் கூறு போட்டு விற்கிற குடும்பத்தில் பிறந்து, மீனைப் பிடிக்கிற குடும்பத்தில் வாக்கப்பட்டவர். கடைசியில் சரி என்றார். ஆனால் ஒரு நிபந்தனை.

"வெச்சிக்கோ. ஒரு சொட்டு தண்ணி எங்க வூட்டு மேல எறங்குச்சின்னு வெய்யி, பொட்டியையும் தூக்கு, நீங்களும் கெளம்புங்க."

அக்கா விளையாட்டுக்குச் சொல்கிறவர் இல்லை. எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்கள் மொட்டைமாடியில் துணி துவைத்ததற்காக மாதம் முடிவதற்குள் கிளம்பிப் போனவர்கள்.

எங்களுக்குக் கல்யாணமானதிலிருந்து வாடகை வீடுதான். ஒரு வீட்டுக்காரர் மகனுக்குப் பெண் பார்த்திருக்கிறோம், மாடி வேண்டும் என்றார். இன்னொருவர் இடித்துக் கட்டப்போகிறேன் என்றார். அந்த வீடு இன்றுவரை இடிபடாமல் நிற்கிறது, போகும்போதும் வரும்போதும் அதை முறைத்துவிட்டுத்தான் போவேன். இந்த வீடு எங்களுக்குப் பிடித்துப்போயிருந்தது. ஜன்னலைத் திறந்தால் கடல்காற்று. ஸ்டேஷன் பக்கம். மறுபடி மூட்டை கட்டுவதை நினைத்தாலே எனக்கு இடுப்பு வலிக்கும். இந்த வீடும் வேண்டும், தொட்டியும் வேண்டும். பேராசைதான்.

தொட்டி மேல் ஆசை ஏன் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். எண்ணூரில் ஒரு தொழிற்சாலையின் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கொதிகலனுக்குப் போகிற தண்ணீர் சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அந்தத் தண்ணீரில் எதுவுமே இருக்கக் கூடாது. உப்பு கூடாது, இரும்பு கூடாது, உயிர் அறவே கூடாது. ஒன்றுமில்லாத தண்ணீரை வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. ஏதாவது நீந்துகிற தண்ணீர் வேண்டும் என்று தோன்றியது. எனக்கு ஒன்று தோன்றிவிட்டால் அப்புறம் பொறுமை என்பது கிடையாது.

கூட வேலை பார்த்த ஒருவர் மாற்றலாகிப் போகும்போது தன்னுடைய தொட்டியை எனக்குத் தள்ளிவிட்டுப் போனார். மேலே வைக்கிற பெரிய தொட்டி, அதன் அடியில் ஸ்டாண்டுக்குள் வைக்கிற சின்னத் தொட்டி, ஒரு ஸ்கிம்மர், ஒரு பம்ப், இரண்டு கோமாளி மீன்கள், சிவப்புக் கோடு போட்ட ஒரே ஒரு இறால். குழாய்களை மட்டும் அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. அவற்றைப் புதிதாக நாங்களே போட வேண்டும்.

ஏற்பாடு இவ்வளவுதான். மேல்தொட்டியில் நிரம்பி வழிகிற தண்ணீர் ஒரு குழாய் வழியாகக் கீழ்த்தொட்டிக்கு இறங்கும். அங்கே ஸ்கிம்மர் என்கிற உருளை அந்தத் தண்ணீரில் காற்றைக் கலந்து பொடி நுரையாக்கும். மீன் கழிவும் தீனி மிச்சமும் அந்த நுரையோடு ஒட்டிக்கொண்டு மேலேறி, உச்சியில் இருக்கிற கிண்ணத்தில் போய் விழும். சுத்தமான தண்ணீரைப் பம்ப் மறுபடி மேலே அனுப்பும். கரண்ட் போனால் பம்ப் நின்றுவிடும். மேல்தொட்டியிலிருந்து கொஞ்சம் தண்ணீர் கீழே இறங்கிவிடும். இறங்குகிற தண்ணீருக்கு இடம் வேண்டும் என்பதற்காகவே கீழ்த்தொட்டி எப்போதும் பாதி காலியாக இருக்க வேண்டும்.

என் கணவர் கன்டெய்னர் யார்டில் ஃபிட்டர். கப்பலுக்கெல்லாம் குழாய் போட்டிருக்கிறேன், இது ஜுஜுபி என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹார்டுவேர் கடைக்குப் போய் எல்போ, டீ, பால் வால்வு, யூனியன் என்று குழாய்ச் சாமான்களும், குழாயை ஒட்டுகிற சொல்யூஷன் டப்பாவுமாகப் பை நிறைய வாங்கினோம். மாடியில் பாத்ரூம் கட்டுகிறீர்களா என்று கடைக்காரர் கேட்டார். மீனுக்கு என்றேன். அவர் என் கணவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

இரும்போடு பழகிய கை பிளாஸ்டிக்கை மதிக்காது. தொட்டியின் ஓட்டையில் மாட்டுகிற நிப்பிளை இவர் பைப் ரெஞ்ச் போட்டு இறுக்கினார். போதும் போதும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். இன்னும் அரைச் சுற்று என்றார். அந்த அரைச் சுற்றில் நிப்பிள் இரண்டாகப் பிளந்தது. வேறு யாரோ உடைத்துவிட்டுப் போனதைப் போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுபடி கடைக்குப் போனோம். கடைக்காரர் இந்த முறை எதுவும் கேட்கவில்லை.

நானும் ஒன்றும் குறைந்தவள் இல்லை. எந்தக் குழாய் எங்கே போக வேண்டும் என்று அளவெடுத்துச் சொன்னது நான். எல்லாவற்றையும் அறுத்து, சொல்யூஷன் தடவி, ஒட்டி, காய்ந்த பிறகு பார்த்தால், இறங்குகிற குழாய் ஸ்கிம்மரின் தலைக்கு நேர் மேலே போகிறது. கிண்ணம் நிறைந்தால் அதைத் தூக்கித்தான் வெளியே எடுக்க வேண்டும். தூக்க வழியில்லை. சொல்யூஷன் காய்ந்த குழாயை யாரும் கழற்ற முடியாது. அறுத்துத்தான் எறிய வேண்டும். நான் சத்தம் போட்டேன். எனக்குக் கோபம் வந்தால் தெருமுனை வரை கேட்கும். இவர் ஹேக்ஸா பிளேடை எடுத்துக்கொண்டே, "சத்தம் போட்டா பைப்பு நவுந்துக்குமா?" என்றார். அதற்கும் சேர்த்துக் கத்தினேன். பிறகு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, பொட்டலம் பிரித்து பிரியாணி சாப்பிட்டு, குழாயைப் பக்கவாட்டில் வளைத்துப் போட்டோம். கழற்றி மாட்டுவதற்கு யூனியனும் வைத்தோம்.

அடுத்தது உப்பு. கடல்மீன் தொட்டிக்கென்று விற்கிற உப்பை வாங்கிவந்து தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தேன். ஏணிப்படியில் ஏறிவந்த அக்கா பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். இரண்டு தெரு தள்ளிக் கடல் இருக்கிறது, அதை விட்டுவிட்டு உப்பு வாங்கிக் கடல் செய்கிற முதல் பொம்பளையை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். அந்தக் கடல்நீரை நான் பரிசோதனைக் கூடத்தில் வைத்துச் சோதித்தவள், அதில் என்னென்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்றேன். அதிலிருந்து வருகிற மீனைத்தான் நீ என்னிடம் வாங்கித் தின்கிறாய் என்றார் அக்கா. நான் உப்பைக் கரைத்துக்கொண்டே இருந்தேன்.

தண்ணீர் விட்டு, பம்பை ஓட்டி, ஒரு கசிவும் இல்லை என்று உறுதியானதும் முக்கியமான சோதனைக்கு வந்தோம். கரண்ட் போனால் என்ன ஆகும்? தரையெல்லாம் பழைய லுங்கிகளைப் பரப்பினோம். நான் பிளக்கைப் பிடுங்கினேன். மேலிருந்து தண்ணீர் குபுகுபுவென்று இறங்கியது. கீழ்த்தொட்டியில் மட்டம் ஏறியது, ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. என் கணவர் கையில் துண்டோடு முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். பம்பிலிருந்து வருகிற குழாயில் மேல்தொட்டியின் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன ஓட்டை போட்டிருந்தோம். மேலே மட்டம் அந்த ஓட்டை வரை இறங்கியதும் காற்று உள்ளே புகுந்து, தண்ணீர் பின்னால் உறிஞ்சப்படுவது நின்றுவிட வேண்டும். ஒரு உறிஞ்சல் சத்தம் கேட்டது. நின்றது. கீழ்த்தொட்டியின் விளிம்புக்கு இரண்டு விரற்கடை பாக்கி. அந்த ஈர லுங்கிகளின் மேல் நின்று நான் ஆடினேன். நாற்பது வயதில் ஒரு பிளக்கைப் பிடுங்கியதற்காக ஆடுவேன் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். இவர் குழந்தை மாதிரி அந்தப் பிளக்கைச் சொருகிச் சொருகிப் பிடுங்கினார். ஒவ்வொரு முறையும் அதே இரண்டு விரற்கடை.

ஸ்கிம்மர் முதல் சில நாட்கள் எங்களை ஏமாற்றியது. தொட்டி முழுக்கக் குமிழிகள், மீன்கள் சோடாவுக்குள் நீந்துவதுபோல் இருந்தது. கிண்ணத்தில் ஒன்றும் சேரவில்லை. ஒரு நாள் வேலையிலிருந்து வந்து பார்க்கிறேன், கிண்ணத்தின் அடியில் பழைய டீ நிறத்தில் ஒரு தண்ணீர். மூடியைத் திறந்து மோந்தேன். அப்படி ஒரு நாற்றம். இவரையும் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னேன். ஆகா என்றார். நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கலீஜ் தண்ணீரை மாறி மாறி மோந்து சந்தோஷப்பட்டோம். அக்கா வந்து பார்த்துவிட்டு, எங்கள் கடையில்கூட இப்படி நாறாது என்றார். ஆனால் ஸ்கிம்மர் அவருக்குப் பிடித்துவிட்டது. புயலுக்குப் பிறகு கடலும் இப்படித்தான் அழுக்கை நுரையாக்கிக் கரையில் தள்ளும், உங்கள் டப்பா அதைத்தான் செய்கிறது என்று என் கணவரிடம் விளக்கினார். மீன்களை மட்டும் அவர் மன்னிக்கவில்லை. ஒரு வாய்க்குக்கூடக் காணாது என்பார்.

அக்காவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் தண்ணீர் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. வருகிற நாளில் அக்கா தெருவையே எழுப்பிவிடுவார். அவர் வீட்டில் குடம், டிரம், அண்டா, சொம்பு எதுவும் காலியாக நிற்காது. டம்ளர்கூட நிரம்பியிருக்கும். எங்கள் வீட்டுச் சாவி ஒன்று அவரிடம் உண்டு. நாங்கள் வேலைக்குப் போன பிறகு தண்ணீர் வந்தால் அவரே மேலே வந்து எங்கள் குடங்களை ரொப்பி, தட்டு போட்டு மூடி வைத்துவிட்டுப் போவார். ஒரு தடவை நான் ஒரு குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தேன். குடும்பப் பெண் செய்கிற வேலையா இது என்று ஒரு வாரம் திட்டினார். கோபம் வந்தாலும், சாயங்காலம் வந்து நிறைந்த குடத்தைப் பார்க்கிறபோது மனசு நிறைந்துவிடும். எந்த வீட்டுக்காரி இப்படிச் செய்வாள்?

அந்த மாதம் கரண்ட் பராமரிப்பு நாள் வந்தது. காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை கரண்ட் இருக்காது. எனக்குக் கவலையே இல்லை. பேட்டரியில் ஓடுகிற காற்று மோட்டாரை மேல்தொட்டியில் போட்டுவிட்டு எண்ணூருக்குக் கிளம்பிவிட்டேன். பத்து மணி வாக்கில் போன் வந்தது. அக்கா.

"உன் கடலு என் தலையில ஊத்துது. வூட்டுக்கு வா. உன் வூட்டுக்காரரையும் வரச் சொல்லு."

அவ்வளவுதான். வைத்துவிட்டார். என்ன ஆயிற்று என்று கேட்கக்கூட விடவில்லை. அக்கா திட்டியிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது. திட்டாமல் வைத்துவிட்டாரே.

மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்தேன். எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் நகராமல் நின்றன. ஆட்டோவில் உட்கார்ந்தபடியே குழாய் ஒட்டிய ஒவ்வொரு இடத்தையும் மனசுக்குள் தடவிப் பார்த்தேன். நிப்பிளா? மறுபடி அரைச் சுற்று போட்டாரா? யூனியன் தளர்ந்துவிட்டதா? இவருக்குப் போன் போட்டுத் திட்டினேன். நானே அளவெடுத்த வளைவு ஞாபகத்துக்கு வந்ததும் என்னையும் திட்டிக்கொண்டேன். அதற்கு மேல் திட்ட யாரும் இல்லை. வீடு போய்விட்டது என்றே முடிவு கட்டினேன். அந்தக் கடல்காற்றுக்கு நான் பழகிவிட்டிருந்தேன்.

அக்கா ஈரத் தலையோடு ஏணிப்படியில் உட்கார்ந்திருந்தார். கரண்ட் இல்லாததால் ஃபேனுக்கு அடியில் நாற்காலி போட்டு விசிறிக்கொண்டிருந்தாராம். ஃபேன் கொக்கி வழியாகச் சரியாக உச்சந்தலையில் இறங்கியிருக்கிறது. எனக்கு வழிவிட்டு, பின்னாலேயே ஏறி வந்தார்.

உள்ளே தரையெல்லாம் தண்ணீர். ஆனால் ஒரு ஒட்டுகூடக் கசியவில்லை. நிப்பிள் காய்ந்து கிடந்தது. யூனியன் இறுக்கமாக இருந்தது. கீழ்த்தொட்டி மட்டும் விளிம்பு வரை ததும்பி நின்றது. இரண்டு விரற்கடை எங்கே போயிற்று? விரலை விட்டு நாக்கில் வைத்தேன். உப்பு குறைச்சலாகத் தெரிந்தது. நிமிர்ந்தேன். சமையலறையில் குடங்கள் வரிசையாக, எல்லாவற்றின் மேலும் தட்டு. குழாயில் மாட்டிய ரப்பர் டியூப் சமையலறையிலிருந்து கூடத்தில் இருந்த தொட்டி வரை நீண்டு கிடந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. கரண்ட் இல்லாவிட்டால் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிட்டால் டேங்கில் தண்ணீர் ஏறாது. ஆகவே ஒன்பது மணிக்குள் எல்லாவற்றையும் ரொப்பிவிட வேண்டும். அக்கா தன் வீட்டை ரொப்பிவிட்டு, எங்கள் மேல் இரக்கப்பட்டு மேலே வந்திருக்கிறார்.

இதை ரொப்பினது யார் அக்கா என்று கேட்டேன்.

"நான்தான். பாதி காலியா கெடந்துச்சி. மீனுக்கு நல்ல தண்ணிதான வுட்டேன்?"

ஆட்டோவில் வரும்போது சேர்த்துவைத்த கோபமெல்லாம் வாய் வரை வந்தது. அந்த நேரம் பார்த்து, இரண்டு மணிக்கு வர வேண்டிய கரண்ட் சீக்கிரமே வந்துவிட்டது. பம்ப் முனகியது. கீழ்த்தொட்டியின் தண்ணீர் அக்காவின் கண் முன்னாலேயே சரசரவென்று இறங்கியது. எங்கே போகிறது என்று கேட்டார். மேலே என்று காட்டினேன். பிறகு பிளக்கைப் பிடுங்கினேன். மேலிருந்து இறங்கிய தண்ணீர் கீழ்த்தொட்டியை மறுபடி நிரப்பி, சரியாக விளிம்பில் வந்து நின்றது. அக்கா குனிந்து, அந்த விளிம்பையே வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப அது காலியா கெடக்கல. எடம் வுட்டு வெச்சிருந்த."

ஆமாம் என்று தலையாட்டினேன். அக்காவின் தலையிலிருந்து ஒரு சொட்டு அந்தத் தொட்டிக்குள்ளேயே விழுந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. உட்கார்ந்து சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. முந்தானையால் தலையைத் துடைத்துக்கொண்டு கீழே போய்விட்டார்.

இவர் வந்து சேர்ந்தபோது நான் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நடந்ததைச் சொன்னேன். சிரித்ததையும் சொன்னேன். இவர் முகம் தொங்கிப்போயிற்று.

"வூட்டுக்காரங்க மூஞ்சிக்கு நேரா சிரிச்சியா?"

தப்பு அவர்மேல்தானே என்றேன். தப்பு யார்மேல் இருந்தாலும் வீடு அவருடையது என்றார். அதுவும் சரிதான். தண்ணீர் கீழே இறங்கியிருக்கிறது, நிபந்தனை நிபந்தனைதான். காலடிப்பேட்டையில் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், வீடு கிடைக்குமா கேட்டுப் பார்க்கிறேன் என்று இவர் போனை எடுத்தார். தொட்டியில் உப்பு அளந்தேன். பயப்படுகிற அளவுக்கு இறங்கவில்லை. மீன்கள் இரண்டும் ஒன்றும் நடக்காததுபோல் சுற்றிக்கொண்டிருந்தன. பாறைக்கு அடியில் ஒளிந்திருந்த இறால்கூட மீசையை நீட்டிப் பார்த்தது. இவற்றை எந்தப் பக்கெட்டில் போட்டு, எந்தத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஏணிப்படியில் அக்காவின் காலடி கேட்டது. இவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். அக்கா புடவை மாற்றி, தலையைத் துவட்டி முடிந்திருந்தார். நேராகத் தொட்டிக்குப் பின்னால் போய், தெருப்பக்கச் சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார்.

"தோ, இங்க ஒரு ஓட்ட போட்டு பைப்ப வெளிய வுடுங்க. நானு ரொப்புனாலும் எவ ரொப்புனாலும் வழியிற தண்ணி தெருவுக்குப் போவட்டும்."

இவர் போனைச் சட்டைப்பையில் போட்டார். பிறகு, உங்கள் சொந்தச் சுவர் ஆயிற்றே அக்கா, நாளைக்கு நாங்கள் வீடு மாறும்போது அந்த ஓட்டையை என்ன செய்வது, பூசினாலும் தெரியுமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

அக்கா சுவரிலிருந்து கையை எடுக்காமலே திரும்பினார். ஸ்டாண்டுக்குள் வளைந்து வளைந்து ஓடுகிற குழாய்களைக் காட்டினார்.

"போறதுக்கா தம்பி இவ்ளோ பைப்பு போட்டீங்க?"

நான் அழுதேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே அழுதேன். எத்தனை வீடுகள் மாறியிருக்கிறோம், ஒன்றிலும் சுவரில் ஆணி அடிக்க விட்டதில்லை. எங்கள் காலண்டர் எப்போதும் எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் அடித்த ஆணியில்தான் தொங்கும். ஆணி இல்லாத வீட்டில் அதை மேஜைமேல் படுக்கவைத்துப் பார்ப்போம். அக்காவுக்கு என் அழுகை பேஜாராக இருந்திருக்க வேண்டும். ஓட்டை வெளியே எங்கே வருகிறது என்று பார்க்கிறேன் என்று தெருவுக்கு இறங்கிப் போய்விட்டார்.

இவர் டிரில்லை எடுத்துச் சுவரில் வைத்தார். கப்பல் இரும்பையே துளைக்கிற கை சுவரை மெதுவாகத்தான் தொட்டது. இன்னும் அழுத்து என்றேன். செங்கல் தூள் கொட்டியது, டிரில் சட்டென்று உள்ளே போனது, கீழே தெருவிலிருந்து வந்துடுச்சி தம்பி, வந்துடுச்சி என்று அக்காவின் குரல் கேட்டது. இவர் டிரில்லை வெளியே இழுத்துவிட்டு, நாங்கள் போட்ட அந்த ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தார்.